மேகக் கணினியா, மேசைக் கணினியா: உங்கள் கோப்பு யார் கையில்?

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்தது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் இல்லாத, அல்லது இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய கணினிகள் முறைப்படி விண்டோஸ் 11-க்குப் போக முடியாது. பாதுகாப்பு அப்டேட்டை 2026 அக்டோபர் 13 வரை நீட்டித்துக்கொள்ளலாம். அதற்கும் மைக்ரோசாஃப்ட் கணக்கு வேண்டும். அதன்பிறகு? இயங்குதளம் எங்கோ ஒரு சர்வரில் ஓட, திரை மட்டும் வீட்டுக்கு வரும் மேகக் கணினி ஒரு வழி. இருக்கும் பெட்டியிலேயே எஸ்எஸ்டி மாட்டி, லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை ஏற்றிக்கொள்வது இன்னொரு வழி. நான் தேர்ந்தெடுத்தது இரண்டாவது.

விலையைச் சீக்கிரம் பார்த்துவிடலாம். 2025 ஜூலையில் ஜியோவின் மேகக் கணினியான ஜியோபிசி வந்தபோது மாதம் 599 ரூபாய், ஜிஎஸ்டி தனி. மாதாமாதம் கட்டினால் ஆண்டுக்கு ஏறக்குறைய 8,480 ரூபாய். ஆண்டுத் திட்டத்தில் குறையும். அந்தக் காசில் அப்போது பழைய பெட்டிக்கு எஸ்எஸ்டியும் கூடுதல் ரேமும் போட்டுவிட முடிந்தது, அடுத்த வருடம் எதுவும் கட்ட வேண்டியதில்லை. ஜியோபிசியில் ஓடுவதும் உபுண்டு என்ற லினக்ஸ்தான். விண்டோஸுக்கான பேஜ்மேக்கரும் டேலியும் நேரடியாக ஓடாது என்ற குறை இரண்டு பக்கமும் ஒன்றே. மேகத்தில் விண்டோஸே வேண்டுமென்றால் 2021-இல் வந்த விண்டோஸ் 365 இருக்கிறது. ஆனால் அது நிறுவனங்களுக்கு விற்கப்படுவது.

இணைய லைன் விஷயத்தில் எத்தனை எம்பிபிஎஸ் என்று மட்டும் பார்த்தால் ஏமாறுவோம். சாதாரண அலுவலக வேலைக்குத் திரையை அனுப்ப 3 எம்பிபிஎஸ் போதும். அதுவே மணிக்கு 1.35 ஜிபி. தினம் 2 ஜிபி தரும் மொபைல் டேட்டா ஒன்றரை மணி நேரத்தில் தீர்ந்துவிடும், ஆகவே ஃபைபர் இல்லாமல் இறங்க வேண்டாம். அதைவிடப் பெரிய தொல்லை பிங் எனும் தாமதம். தட்டிய எழுத்து சர்வருக்குப் போய்த் திரும்பிய பிறகுதான் திரையில் தெரியும். 30 மில்லிசெகண்ட் என்றால் உறுத்தாது. 150-ஐத் தாண்டினால் கை முந்தும், எழுத்து பிந்தும். தமிழ்99 விசைப்பலகையில் க தட்டி ஒ தட்டினால்தான் கொ வரும். கொ வருவதற்குள் தவறோ என்று பேக்ஸ்பேஸை அழுத்தி, சரியான எழுத்தையும் அழித்துவிடுவோம். கரண்ட் போனால் கணினிக்கு யுபிஎஸ் இருந்தும் பயனில்லை. ஃபைபர் மோடத்துக்கும் ஒன்று வேண்டும். பெரும்பாலும் 12 வோல்ட்தான், சின்ன ரவுட்டர் யுபிஎஸ் போதும்.

இதெல்லாம் சமாளிக்கக் கூடியவை. என்னைப் பொறுத்தவரை முடிவு செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றைத்தான்: சந்தாவோ கணக்கோ நின்ற மறுநாள், உங்கள் கோப்பு எங்கே இருக்கும்?

விண்டோஸை முழுசாக மேகத்துக்கு நகர்த்தும் நோக்கம் மைக்ரோசாஃப்டின் 2022-ஆம் ஆண்டு உள் ஆவணம் ஒன்றில் இருந்தது 2023 ஜூனில், அமெரிக்க வணிக ஆணையமான எஃப்டிசியின் வழக்கில், வெளியே வந்தது. "என் கணினி இனி வாடகையா?" என்று பலர் கொதித்தார்கள். ஆனால் அன்றாடம் வரும் புகார்கள் முழு மேகத்தைப் பற்றியவை அல்ல. கேட்காமலே வந்து உட்கார்ந்த பாதி மேகத்தைப் பற்றியவை. விண்டோஸ் 11 ஹோமை நிறுவும்போது இணையமும் மைக்ரோசாஃப்ட் கணக்கும் கேட்கிறது. உள்ளே போனதும் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் மூன்றும் மைக்ரோசாஃப்டின் மேகச் சேமிப்பான ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள் போயிருக்கலாம். இலவச இடம் 5 ஜிபி. போட்டோக்களே அதை நிரப்பிவிடும். நிரம்பினால் கோப்புகள் ஒத்திசைவது நிற்கும், அதே கணக்கின் அவுட்லுக் மெயிலும் நின்றுவிடும்.

பதறிப்போய் பலர் செய்யும் தவறு இதுதான்: ஒன்டிரைவ் இணையதளத்தில் நுழைந்து, "அதான் கணினியில் இருக்கிறதே" என்று அங்கே அழிக்கிறார்கள். அங்கே அழித்தால் கணினியிலும் அழியும். இரண்டும் ஒரே கோப்பு. இணையதளத்தின் ரீசைக்கிள் பின்னில் 30 நாள் வரை தேடலாம்.

வெளியே வர வரிசை முக்கியம். முதலில் சி டிரைவில் போதுமான இடம் இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்டிரைவ் ஃபோல்டரை ரைட் கிளிக் செய்து "ஆல்வேஸ் கீப் ஆன் திஸ் டிவைஸ்" கொடுங்கள். கோப்புப் பெயருக்குப் பக்கத்தில் மேகக் குறி இருந்தால் கோப்பு உங்களிடம் இல்லை, பெயர் மட்டும்தான் இருக்கிறது. எல்லாம் பச்சை டிக் ஆகும்வரை காத்திருங்கள். பிறகு எக்ஸ்டர்னல் டிஸ்க்குக்கு ஒரு பிரதி எடுங்கள். காப்பிதான், கட் கூடாது. கட் செய்து நகர்த்தினால் மேகத்திலிருந்தும் போய்விடும். அதன் பிறகே ஒன்டிரைவ் செட்டிங்ஸில் "மேனேஜ் பேக்கப்" போய் மூன்றையும் அணையுங்கள். அணைத்ததும் டெஸ்க்டாப் காலியாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். கோப்புகள் ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள்ளேயே தங்கியிருக்கும், எடுத்துப் பழைய இடத்தில் வைத்துவிடலாம். "அன்லிங்க் திஸ் பிசி" கடைசியில்.

கணக்கை விடும் முன் இன்னொன்று. விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்போடு வந்த கணினிகளில் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். அதைத் திறக்கும் 48 இலக்க பிட்லாக்கர் எண் அந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில்தான் இருக்கும். பயாஸ் அப்டேட்டுக்குப் பிறகு அந்த எண்ணைக் கேட்டு நீலத் திரை நின்றால், எண் இல்லாதவருக்கு டிஸ்க் இருந்தும் கோப்பு இல்லை. இன்றே காகிதத்தில் எழுதி வையுங்கள்.

மேசைக் கணினியின் பலவீனமும் உண்மையானது: டிஸ்க் செத்தால் காப்பாற்ற யாரும் இல்லை. மின்ட்டில் டைம்ஷிஃப்ட் என்ற பேக்கப் கருவி இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. அது இயல்பாகச் சேமிப்பது இயங்குதளத்தை மட்டும்; உங்கள் ஹோம் ஃபோல்டரைத் தொடாது. அதற்கு மின்ட்டிலேயே உள்ள பேக்கப் டூலோ ஆர்சிங்க் என்ற பிரதியெடுக்கும் கருவியோ வேண்டும், எக்ஸ்டர்னல் டிஸ்க் ஒன்று வேண்டும், வாரம் ஒருமுறை அதைச் செருகும் பழக்கம் வேண்டும். அந்தப் பழக்கம் வராது என்று தெரிந்தவருக்கு மேகமே பாதுகாப்பு. டிவி இருக்கிறது, ஃபைபர் இருக்கிறது, கணினி மட்டும் இல்லை, பிள்ளைக்கு ஸ்கூல் புராஜெக்ட் செய்தால் போதும் என்ற வீட்டுக்கும் மேகக் கணினியை மறுக்க மாட்டேன்.

ஆனால் டிஜிட்டல் கையெழுத்து டோக்கனும் பில் போடும் தெர்மல் பிரிண்டரும் வைத்திருப்பவர்கள் ஆண்டுத் திட்டம் கட்டும் முன் ஒரு மாதத் திட்டத்தில் அவற்றைச் செருகிப் பாருங்கள். அந்த யுஎஸ்பி இருப்பது உங்கள் மேசையில்; அதைக் கேட்கும் மென்பொருள் ஓடுவது சர்வரில். நடுவில் உள்ள சேவை அதைக் கடத்தித் தராவிட்டால் டோக்கன் செருகப்பட்டதாகவே தெரியாது.