தாளுக்காகவே வாங்கலாம்: சீன மலைக்காட்சி ஓவியப் பெட்டி

சீன மரபில் மலைக்காட்சி வரையப் பழகுகிறவர்களுக்கான பெட்டி இது. மை அரைக்கும் கல், இரண்டு மைக்கட்டி, மூன்று தூரிகை, ஒரு சுருள் ஷுவான் தாள். சில மாதமாக இதில்தான் வரைகிறேன். தாள் அருமை, மை நன்று, தூரிகைகள்தான் சரியில்லை.

தாளை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பனி, ஈரக்காற்று, எட்டாத மலை என்று இந்த ஓவியங்களில் நம்மை இழுக்கிற உணர்வில் பெரும்பங்கு தாளும் நீரும் சேர்கிற இடத்தில்தான் பிறக்கிறது. அன்ஹுய் மாகாணத்தின் ஜிங் வட்டாரத்தில் சிங்தான் மரப்பட்டையும் வைக்கோலும் சேர்த்துச் செய்யும் தாள், அந்தக் கைத்தொழில் 2009-இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலிலேயே சேர்ந்தது. பெட்டியில் வருவது படிகாரம் பூசாத தாள். நீர் நிறைந்த தூரிகையை வைத்து ஒரு மூச்சு தாமதித்தால் போதும், மை தானாகப் பரவி ஓரம் பஞ்சு போலக் கரைகிறது. காய்ந்ததும் ஈரத்தில் பார்த்ததைவிட வெளிறிவிடும், அதனால் கொஞ்சம் அடர்த்தியாகவே வைக்க வேண்டும். அழிக்க வழியே கிடையாது.

மைக்கட்டிகளில் ஒன்று பைன் மரப் புகைக்கரி, இன்னொன்று எண்ணெய்ப் புகைக்கரி. முதலாவதை நீர்த்தால் லேசான நீலச் சாம்பல் வருகிறது, தூரத்து மலைகளுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்! எண்ணெய்க் கரி பளபளப்பான கறுப்பு, முன்னால் நிற்கும் பாறைக்கும் மரத்துக்கும். சில சொட்டு நீர் விட்டு, அழுத்தாமல் மெதுவாக அரைக்க வேண்டும். கல் கொஞ்சம் வழவழப்பு, நேரம் பிடிக்கிறது.

தூரிகைக்கு வருவோம். ஆட்டுமுடித் தூரிகை நீரை நன்றாகத் தாங்குகிறது, பரவலான பூச்சுக்குச் சரி. மரநாய் முடி என்று கொடுத்திருப்பது கொஞ்ச நாளிலேயே நுனி பிரிந்துவிட்டது. மென்மையான சரிவுகளுக்குச் சணல் நார் மாதிரி நீளக் கோடுகள் இழுக்க நுனி கூடி நிற்க வேண்டும், பாறையின் வெட்டு முகத்துக்குத் தூரிகையைச் சாய்த்து இழுக்கும் கோடாரி வெட்டுக் கோட்டுக்கு முடியில் விறைப்பு வேண்டும், இதில் இரண்டுமே இல்லை.

கூட வரும் கையேடு மலையை எப்படி நிரப்புவது என்று பக்கம் பக்கமாகச் சொல்கிறது, எங்கே வெறுமையாக விடுவது என்று ஒரு வரிகூட இல்லை. எனக்கு இது பெரிய குறை. சீன ஓவியர் குவோ ஷி 1072-இல் பட்டில் வரைந்த ‘இளவேனில்’ ஓவியத்தைப் பாருங்கள், தைபே அரண்மனை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சரிவுகளுக்கு நடுவே ஏறக்குறைய தொடாமல் விட்ட இடங்கள்தான் மூடுபனி, மலைக்கு அத்தனை உயரத்தையும் ஆழத்தையும் தருவதும் அவைதான். ஜப்பானிய ஓவியர் செஷ்ஷு 1495-இல் வரைந்த மை தெறிப்பு நிலக்காட்சி இன்னும் துணிச்சல்: வெளிர் மை காய்வதற்குள் அடர்ந்த மை, அவ்வளவுதான், உற்றுப் பார்த்தால் கீழே ஒரு குடிலும் படகும் தெரியும். கையேட்டை ஓரம் வைத்துவிட்டு இந்த இரண்டையும் பார்த்து வரைந்து பழகுங்கள்.

நல்ல தூரிகை ஏற்கெனவே இருந்தால் தயங்காமல் வாங்கலாம். அப்புறம், தாள் தீர்ந்து தனியாக வாங்கும்போது படிகாரம் பூசாததா என்று கேட்டுக்கொள்ளுங்கள், பூசியது நுணுக்கமான கோட்டு வேலைக்கானது, அதில் மை பரவாது.