கேமா, சீரிஸா, பாட்காஸ்டா: ப்ளஸ் ஒன் பிள்ளைக்கு எதில் இங்கிலீஷ் ஏறும்?

தமிழ் மீடியத்தில் படிக்கும் பிள்ளை கல்லூரிக்குப் போவதற்குள் ஆங்கிலத்தைத் தேற்றிவிட நினைக்கிறது. ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பை விடுங்கள், கையில் இருக்கும் போனிலேயே என்ன வழி என்று பார்ப்போம்.

கேம் ஆடினால் இங்கிலீஷ் வரும் என்று பசங்க சொல்வது வெறும் சாக்கு இல்லை. ஸ்வீடனில் பியா சுண்ட்க்விஸ்ட் 2009இல் முடித்த முனைவர் பட்ட ஆய்வு 15, 16 வயது மாணவர்களைப் பற்றியது. பாட்டு, டிவியைவிட கேம், இணையம், வாசிப்பு ஆகியவற்றுக்கே அவர்களுடைய சொல்வளத்தோடும் பேச்சுத்திறனோடும் நெருக்கமான தொடர்பு இருந்தது. சரி, ஆனால் அங்கே அணியில் வேற்று நாட்டுக்காரன் இருப்பான், ஆங்கிலம் பேசாமல் முடியாது. இங்கே ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் ஸ்குவாடில் நாலு பேரும் ஒரே தெரு. "டேய், ரிவைவ் பண்ணுடா, ஸோன் வருது!" ஆங்கிலச் சொல் இரண்டு இருக்கிறது, ஆங்கில வாக்கியம் ஒன்றுகூட இல்லை. கதையோடு வரும் கேம்கள் பரவாயில்லை. திரையில் ஓடும் உரையாடலைப் படித்தால்தான் அடுத்து எங்கே போவதென்றே தெரியும்.

சீரிஸில் தமிழ் டப்பிங் கணக்கிலேயே வராது. தமிழ் சப்டைட்டில் போட்டால் கண் அதிலேயே நின்றுவிடும், காது சும்மா இருக்கும். ஆங்கில சப்டைட்டில்தான் வேலை செய்யும். புத்தகத்தில் படித்த "ஐ ஆம் கோயிங் டு" அமெரிக்கர் வாயில் "ஐம் கனா" என்று ஓடிவிடுகிறது. கீழே எழுத்து வருவதால்தான் அதுவா இது என்று பிடிபடும்.

காதால் கேட்கும் நிகழ்ச்சியான பாட்காஸ்டில், பிபிசியின் 'சிக்ஸ் மினிட் இங்கிலீஷ்' சுவாரசியத்தில் சீரிஸுக்குப் பக்கத்தில் நிற்காது. இரண்டு பேர் பேசுவார்கள், தொடக்கத்தில் ஒரு கேள்வி, கடைசியில் விடை, நடுவே ஆறு சொற்கள். ஆனால் பேசியது முழுக்க எழுத்திலும் இலவசமாகக் கிடைக்கிறது, ஆறே நிமிடம் என்பதால் திரும்பத் திரும்பக் கேட்கலாம். பஸ்ஸில் போகும்போதே முடிந்துவிடும்.

டூவோலிங்கோ என்ற மொழிப் பாட ஆப்பா? சொல் சேரும். அப்புறம் ஸ்ட்ரீக், அதாவது ஒரு நாளும் விடாமல் படித்த கணக்கு, அறாமல் பார்த்துக்கொள்வதே வேலையாகிவிடும்.

காதில் விழுவது எதுவுமே பிரிந்து கேட்காத பிள்ளைக்கு என் ஓட்டு பாட்காஸ்டுக்கு, அதுவும் எழுத்தைக் கண்முன் வைத்துக்கொண்டு. ஓரளவு புரிகிறதென்றால் சீரிஸ். இரண்டிலும் வாய் திறக்க வேலையில்லை, அதற்குத்தான் கேம். டெல்லியில் வளர்ந்த, தமிழ் சரியாக வராத அத்தை பையன் யாராவது இருந்தால் ஸ்குவாடில் சேர்த்துக்கொள்ளட்டும். முன்பின் தெரியாதவர்களோடு ஆடுவதென்றால் போன் நம்பர், பள்ளிப் பெயர் எதையும் சொல்லக் கூடாது.