கோல்ஃப் கார்ட்டுக்கு நம்பர் பிளேட்: ஃபுளோரிடாவில் மாற்றி, பதிவு செய்து, ஓட்டிய அனுபவம்

எங்கள் பகுதியில் பழைய கோல்ஃப் கார்ட் (கோல்ஃப் மைதானத்தில் ஓடும் சின்னத் திறந்த வண்டி) விற்கும் விளம்பரங்களில் பாதிக்கு மேல் 'ஸ்ட்ரீட் லீகல்', அதாவது சட்டப்படி சாலையில் ஓட்டலாம், என்று போட்டிருக்கும். போய்ப் பார்த்தால் ஹெட்லைட், இண்டிகேட்டர், பின்னால் பார்க்கும் கண்ணாடி இரண்டு இருக்கும். டைட்டில் (வண்டியின் உரிமைப் பத்திரம்) இருக்கிறதா என்று கேட்டால், "கார்ட்டுக்கு எதுக்கு டைட்டில்?" என்பார்கள். டைட்டில், நம்பர் பிளேட், இன்சூரன்ஸ் இந்த மூன்றும் இல்லாத வண்டி எத்தனை விளக்கு மாட்டினாலும் கோல்ஃப் கார்ட்தான். அதை வாங்கிப் பொதுச் சாலையில் இறக்கினால், அபராதமோ விபத்தோ வரும்போது மாட்டிக்கொள்வது வாங்கியவர்.

நான் டாம்பாவுக்கு வடக்கே ஒரு புறநகரில் குடும்பத்தோடு இருக்கிறேன். நான்கு பேர் உட்காரும் பழைய 48 வோல்ட் மின்சாரக் கார்ட் ஒன்றை வாங்கி, சாலையில் ஓட்டத் தக்கதாக முறைப்படி மாற்றி, பிளேட் வாங்கி, சில வருடங்களாக ஓட்டுகிறேன். பலர் கேட்டதால் விவரமாக எழுதுகிறேன். நான் சொல்வதெல்லாம் ஃபுளோரிடா கணக்கு. மற்ற மாநிலங்களில் விதி வேறு.

முதலில் சட்டம். 1998-இல் அமெரிக்க மத்திய அரசு எல்.எஸ்.வி. என்று ஒரு தனி வகையை உண்டாக்கியது; குறைந்த வேக வண்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு சக்கரம் இருக்க வேண்டும், உச்ச வேகம் மணிக்கு 20 மைலைத் தாண்ட வேண்டும், 25 மைலைத் தாண்டக் கூடாது, பயணிகளோடு சேர்த்து அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 3000 பவுண்டுக்குள் இருக்க வேண்டும். ஃபுளோரிடா சட்டப்படி 20 மைலுக்கு மேல் போக முடியாதது கோல்ஃப் கார்ட். அதைக் கவுன்ட்டியோ (மாவட்ட நிர்வாகம்) நகரமோ 'இங்கே ஓட்டலாம்' என்று அறிவித்த தெருக்களில் மட்டும்தான் ஓட்டலாம், அதுவும் பொதுவாகச் சூரிய உதயத்திலிருந்து அஸ்தமனம் வரை. எல்.எஸ்.வி.யாகப் பதிவு செய்துவிட்டால், 35 மைலோ அதற்குக் குறைவாகவோ வேக வரம்பு போட்ட தெருக்களில் பொதுவாகப் போகலாம், இரவிலும் போகலாம். அதைவிட வேகமான சாலையைச் சந்திப்பில் குறுக்கே கடக்கலாம். அதன் மேல் ஓட்டக் கூடாது.

இந்த 35 மைல்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. மாற்று வேலையில் ஒரு டாலர் செலவு செய்வதற்கு முன்னால், போக நினைக்கும் இடங்களுக்கெல்லாம் காரில் ஒரு தடவை போய், வழி நெடுக வேகப் பலகைகளைப் பாருங்கள். எங்கள் குடியிருப்பிலிருந்து பப்ளிக்ஸ் கடை, நூலகம், பிள்ளைகளின் பள்ளி, நீச்சல் குளம் எல்லாம் 25, 30 மைல் தெருக்கள் வழியாகவே போய்ச் சேரும்படி இருக்கின்றன. ஒரே ஒரு இடத்தில் ஆறு வழிச் சாலை ஒன்றைச் சிக்னலில் கடக்க வேண்டும். அதனால் எனக்கு இது உபயோகமான வண்டி. கோவில் பக்கம்தான், ஆனால் வழியில் ஒரு மைலுக்கும் குறைவான தூரம் 45 மைல் சாலை. அந்தத் துண்டுக்காகக் கோவிலுக்குக் கார்தான். அதே மாதிரி என் நண்பர் வீட்டு வாசலே 45 மைல் சாலையில்தான் திறக்கிறது. அவருக்கு இந்த மாற்றத்தால் ஒரு பயனும் இல்லை. ஊரைப் பொறுத்து விஷயம் தலைகீழாகவும் இருக்கும். ஓய்வு பெற்றவர்கள் வாழும் தி வில்லேஜஸ் மாதிரி கார்ட்டுக்கென்றே நீளநீளமான பாதைகளும் நெடுஞ்சாலைக்கு மேலே தனிப் பாலமும் கட்டி வைத்திருக்கும் ஊரில், சாதாரணக் கார்ட்டே போதும் என்று பெரும்பாலானவர்கள் இருந்துவிடுகிறார்கள்.

சரி, வண்டிக்கு வருவோம். சட்டம் கேட்கும் பொருட்கள்: ஹெட்லைட், முன்னும் பின்னும் இண்டிகேட்டர், டெயில் லைட், பிரேக் லைட், சிவப்பு ரிஃப்ளெக்டர்கள், பின்னால் பார்க்கும் கண்ணாடிகள், பார்க்கிங் பிரேக், விண்ட்ஷீல்ட், ஒவ்வொரு இருக்கைக்கும் சீட் பெல்ட், அப்புறம் வின் எண் (வண்டியின் அடையாள எண்). பாகங்கள் கடைகளில் மொத்தமாக ஒரு கிட் ஆகவே கிடைக்கின்றன. ஆனால் கிட்டில் வருவதை அப்படியே மாட்டினால் போதாத இடங்கள் சில உண்டு.

விளக்குகளுக்கு 12 வோல்ட் வேண்டும். என் கார்ட்டில் இருந்தவை வரிசையாக இணைத்த ஆறு 8 வோல்ட் பேட்டரிகள். பலர் சுலபமாக இருக்கிறதே என்று இரண்டு பேட்டரியிலிருந்து மட்டும் ஒயர் இழுத்து 16 வோல்ட்டில் விளக்கை எரியவிடுகிறார்கள். பல்பு சீக்கிரம் போகும், அது சின்ன விஷயம். அந்த இரண்டு பேட்டரி மட்டும் தினமும் கூடுதலாகத் தீரும். சார்ஜரோ ஆறையும் ஒரே சங்கிலியாகத்தான் பார்க்கும். கொஞ்ச நாளில் அந்த இரண்டும் நலிந்து, மொத்தச் சங்கிலியையும் கீழே இழுத்துவிடும். 48 வோல்ட்டின் இரண்டு முனையிலிருந்தும் எடுத்து 12 ஆகக் குறைத்துத் தரும் கன்வெர்ட்டர் ஒன்றைப் போட்டு, அதிலிருந்துதான் எல்லா விளக்குக்கும் கொடுக்க வேண்டும். கிட் விற்ற கடையில் இது தனி விலை, யாரும் தானாகச் சொல்ல மாட்டார்கள்.

இண்டிகேட்டர் தண்டு ஸ்டீயரிங் கம்பத்தில் கிளாம்ப் போட்டு நிற்கும். காரில் திரும்பி முடித்ததும் தானாக அணைவது போல இது அணையாது. திறந்த வண்டியில் காற்று இரைச்சலில் டிக்டிக் சத்தமும் கேட்காது. பின்னால் உட்காரும் என் மனைவி, "இன்னும் லெஃப்ட் போட்டிருக்கீங்க" என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போனதும், ஒரு சின்ன பஸ்ஸரை அந்த ஒயரிலேயே சேர்த்துவிட்டேன். பின்னால் வரும் கார்க்காரர் நாம் இடது பக்கம் திரும்பப்போகிறோம் என்று நம்பிக் காத்திருப்பதோ, வலது பக்கமாகத் தாண்டப் பார்ப்பதோ ஆபத்து. சில டாலர் செலவில் இதைவிட நல்ல வேலை இந்த வண்டியில் நான் செய்யவில்லை.

சீட் பெல்ட்டில் நான் ரொம்பக் கண்டிப்பு. பல கார்ட்டுகளில் இருக்கைக்கு அடியில் இருப்பது பிளைவுட் பலகை அல்லது பிளாஸ்டிக். அதில் போல்ட் போட்டால் பெல்ட் மாட்டியது போலத்தான் தெரியும். இழுவை வந்தால் பலகையோடு பிய்த்துக்கொண்டு வரும். சட்டகத்தின் எஃகில் கட்டும் குறுக்குக் கம்பியோடு வரும் பெல்ட் செட் வாங்கி, போல்ட் இரும்பில் இறங்குகிறதா என்று கீழே படுத்துப் பாருங்கள். பின்பக்கம் பார்த்து உட்காரும் இருக்கைக்கு இது இன்னும் முக்கியம். கதவில்லாத வண்டி, கூர்மையாகத் திரும்பினால் ஓரத்தில் இருக்கும் பிள்ளை வெளியே வீசப்படும். பெல்ட் போடாமல் யாரையும் ஏற்றுவதில்லை; கைக்குழந்தைகளைப் பெல்ட்டோடும் ஏற்றுவதில்லை.

விண்ட்ஷீல்டும் அப்படித்தான். சாதாரணக் கார்ட்டில் வரும் அக்ரிலிக் தகடு, வாகனக் கண்ணாடிக்கான தரத்துக்கு வராது. மூலையில் ஏ.எஸ்.1 என்ற முத்திரை பதித்த கண்ணாடியாக மாற்றினேன். வைப்பர் கட்டாயம் இல்லை. ஆனால் ஃபுளோரிடாவின் ஜூன், ஜூலை மதிய மழையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அந்த மழையில் வைப்பர் இருந்தாலும் இந்த வண்டியை எடுக்கக் கூடாது. இடி கேட்டால் எங்கேயிருந்தாலும் நிறுத்திவிட்டுக் கட்டடத்துக்குள் போய்விடுகிறோம்.

இனி வேகம், பிரேக். வாங்கியபோது வண்டி 15 மைலுக்குச் சற்று மேல் போகும். எல்.எஸ்.வி. ஆக 20-ஐத் தாண்ட வேண்டுமே, அதற்காகக் கன்ட்ரோலரில் (மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) வேக அமைப்பை மாற்றி, சாலை டயர் போட்டோம். டயர் விட்டம் கூடியதில் வேகமும் சற்றுக் கூடி, 23 பக்கம் நிற்கிறது. கடைக்காரர்கள் எல்லோரும் இந்த வேகத்தைப் பற்றித்தான் பேசுவார்கள். நான் கேட்டதெல்லாம் பிரேக். பெரும்பாலான கார்ட்டுகளில் பின் சக்கரத்தில் மட்டும்தான் பிரேக். கேபிள் இழுத்து டிரம்மில் பிடிக்கும். புல்வெளியில் மெதுவாகப் போவதற்காகச் செய்தது அது. நான்கு பேரோடு 23 மைலில் போகும்போது, முன்னால் ஒரு கார் சட்டென்று நின்றால், எந்த இடத்தில் நிற்போம் என்பது ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும். பிரேக் ஷூவையும் கேபிளையும் புதிதாக மாற்றிய பிறகுதான் கன்ட்ரோலரைத் தொடவே விட்டேன். கேபிள் நாளாவட்டத்தில் தளரும்; பெடல் வழக்கத்தைவிடக் கீழே இறங்க ஆரம்பித்தாலே சரிசெய்கிறோம். வேகத்தை மட்டும் கூட்டி, பிரேக்கை அப்படியே விட்ட வண்டிகளைத் தெருவில் பார்க்கும்போது பயமாகத்தான் இருக்கிறது.

பேப்பர் வேலைதான் மிக நீண்டது. மாற்றிய கார்ட்டை மாநில வாகனத் துறையின் வட்டார அலுவலகத்துக்கு டிரெய்லரில் ஏற்றிக் கொண்டுபோக வேண்டும். இன்னும் பதிவு ஆகவில்லையே, ஓட்டிக்கொண்டு போகக் கூடாது. வண்டி உங்களுடையது என்பதற்கான விற்பனைச் சீட்டு, மாற்றத்துக்கு வாங்கிய பாகங்களின் ரசீதுகள், வண்டியைக் கட்டியவர் தரும் அறிக்கை, கார்ட்டை எல்.எஸ்.வி. ஆக மாற்றியதற்கான உறுதிமொழிப் படிவம், டைட்டில் விண்ணப்பம், சான்றளித்த எடைச் சீட்டு, ஃபுளோரிடா இன்சூரன்ஸ் எல்லாம் கையில் இருக்க வேண்டும். எடைச் சீட்டுக்கு லாரிகள் எடை போடும் இடத்துக்குப் போய், டிரெய்லரைத் தனியாகவும் கார்ட்டோடும் நிறுத்தி எடுத்தோம். ரசீதுகளை முதல் நாளிலிருந்தே ஒரு கவரில் போட்டு வைத்திருந்தது பெரிய உதவி. அதிகாரி ஒவ்வொரு விளக்கையும் போடச் சொல்லிப் பார்த்தார், பெல்ட்டுகளை இழுத்துப் பார்த்தார், அப்புறம் வின் எண் ஒதுக்கினார்.

இன்சூரன்ஸ் காருக்குப் போலத்தான்: பி.ஐ.பி. (விபத்தில் நமக்கு ஏற்படும் காயத்துக்கான காப்பீடு), அடுத்தவர் சொத்துச் சேதம் இரண்டுக்கும் தனித்தனியே குறைந்தது 10,000 டாலர். எல்லாக் கம்பெனியும் மாற்றிய கார்ட்டை எடுப்பதில்லை. வேலை தொடங்குமுன் உங்கள் ஏஜென்ட்டிடம், 'மாற்றிய வண்டி, தொழிற்சாலையில் எல்.எஸ்.வி.யாகச் செய்தது இல்லை' என்று தெளிவாகச் சொல்லிக் கேளுங்கள். உங்கள் பெயரில் ஏற்கெனவே பிளேட் இல்லாவிட்டால், முதல் பதிவுக் கட்டணம் என்று 225 டாலர் தனியாக வரும். வேறு வண்டியின் பழைய பிளேட்டை மாற்றிக்கொண்டால் அதைத் தவிர்க்கலாம்.

ஒரு நஷ்டமும் உண்டு, அதைச் சொல்ல வேண்டும். ஊரிலிருந்து அப்பா வந்திருந்தார். அவர் லைசென்ஸைப் புதுப்பிக்காமல் விட்டு வருடங்கள் ஆகின்றன.

"ஏன்டா, இதை நான் ஓட்டக் கூடாதா? போன தடவை ஓட்டினேனே?"

"அப்போ கோல்ஃப் கார்ட்டுப்பா. இப்போ பிளேட் வாங்கியாச்சு, காருக்கு வேணும்கற லைசென்ஸ் இதுக்கும் வேணும்."

2023 அக்டோபரிலிருந்து ஃபுளோரிடாவில் கோல்ஃப் கார்ட் ஓட்டப் பதினெட்டு வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு லேர்னர்ஸ் அல்லது லைசென்ஸ் தேவை. அதற்கு மேல் உள்ளவர்களுக்கு அரசு தந்த படம் போட்ட அடையாள அட்டை போதும். எல்.எஸ்.வி.க்கு எந்த வயதானாலும் லைசென்ஸ்தான். வீட்டில் பெரியவர்களோ பிள்ளைகளோ ஓட்டுவார்கள் என்று நினைத்து வாங்குபவர்கள் இதை யோசித்துக்கொள்ளுங்கள். அப்பா இப்போது முன் இருக்கையில் வருகிறார்.

தினசரி ஓட்டத்தில் சொல்ல அதிகம் இல்லை. பால், காய்கறி, பள்ளி, நூலகம் என்று கார் வாசலிலேயே கிடக்கிறது. வீட்டுச் சுவரில் உள்ள சாதாரணப் பிளக்கில் இரவு சார்ஜ். பழைய லெட்-ஆசிட் பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுவது, முனையில் பூக்கும் பச்சையைத் துடைப்பது என்று வேலை இருந்துகொண்டே இருந்தது. அதைத் தூக்கிவிட்டு லித்தியம் போட்ட பிறகு எடை நன்றாகக் குறைந்தது, பிரேக்கும் சீக்கிரம் பிடிக்கிறது. ஒரு எச்சரிக்கை: கடலோரத்தில் இருப்பவர்கள், புயல் எச்சரிக்கை வந்தால் லித்தியம் கார்ட்டை மேட்டுக்குக் கொண்டுபோய்விடுங்கள். 2022-இல் இயான் புயலுக்குப் பிறகு உப்புநீரில் மூழ்கிய மின்சார வண்டிகள் நாள் கழித்துத் தீப்பிடித்தன. கராஜில் வீட்டை ஒட்டி நிறுத்தும் வண்டி இது.

இன்றைக்கு ஒருவர் வந்து, 'மாற்றலாமா, வாங்கலாமா' என்று கேட்டால், தொழிற்சாலையிலேயே எல்.எஸ்.வி.யாகச் செய்ததை வாங்குங்கள் என்றுதான் சொல்வேன். பெல்ட், கண்ணாடி, புதியதானால் பின்பக்கக் கேமரா எல்லாம் முறையாக வரும், நான்கு சக்கரத்திலும் பிரேக் உள்ள மாடலாகப் பார்த்து எடுக்கலாம், இன்சூரன்ஸும் சுலபம். மாற்றுவதில் அர்த்தம் இருப்பது, நல்ல நிலையில் ஒரு கார்ட் ஏற்கெனவே வீட்டில் இருந்து, வேலையில் பாதியை நீங்களே செய்யத் தெரிந்தால். பழையதை வாங்கப் போனால், பதினேழு எழுத்து-எண் கொண்ட வின் தகட்டைச் சட்டகத்தில் தேடிப் படித்து, அதே எண் டைட்டிலில் இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுப் பணத்தை எடுங்கள். 'டைட்டில் அப்புறம் தபாலில் அனுப்புகிறேன்' என்று விற்பவர் சொன்னால், டைட்டில் வந்த பிறகு வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுங்கள்.