ஆர்எஃப் 100-500ஆ, 200-800ஆ?

கேனான் மிரர்லெஸ் கேமரா வைத்துக்கொண்டு பறவைப் படம் எடுப்பவர்கள் கடைசியில் குழம்பி நிற்பது அதற்கான இந்த இரண்டு ஆர்எஃப் வகை ஜூம் லென்ஸ்களிடம்தான் (எண்கள் மி.மீ.யில் குவியத் தூரம்; கூடக் கூடத் தூரத்துப் பறவை பெரிதாகத் தெரியும்).

200-800ஐ 'இருட்டு லென்ஸ்' என்று ஒதுக்குகிறார்கள். 800 மி.மீ.யில் எஃப்/9தான், உண்மை (எஃப் எண் கூடினால் சென்சாரில் விழும் ஒளி மங்கும்). 100-500இல் 500 மி.மீ.க்கு எஃப்/7.1. அதே ஷட்டர் வேகத்துக்கு ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 3200 போதும் என்ற இடத்தில் 5000 தேவைப்படும். ஆனால் தூரத்துப் பறவையை 500இல் எடுத்தால் எப்படியும் கிராப் செய்யத்தான் போகிறீர்கள். 45 மெகாபிக்சல் படத்தை 800 மி.மீ. அளவுக்கு வெட்டினால் மிஞ்சுவது சுமார் 17.5 மெகாபிக்சல், நாய்ஸும் (படத்தில் தெரியும் புள்ளிப்புள்ளியான கறை) சேர்ந்தே பெரிதாகும். லென்ஸின் ஒளித்துளை விட்டத்தைக் கணக்கிடுங்கள்: 500ஐ 7.1ஆல் வகுத்தால் 70 மி.மீ.; 800ஐ 9ஆல் வகுத்தால் 89 மி.மீ. அதே பறவையிடமிருந்து 200-800 ஏறக்குறைய 1.6 மடங்கு அதிக ஒளியை வாங்குகிறது. எட்டாத தூரத்துப் பறவைக்கு இதுதான் சுத்தமான படம் தரும்.

பறவை கிட்டத்தில் இருந்தால் கதை மாறும். 500 மி.மீ.யில் 200-800 எஃப்/8ஆகத்தான் திறக்கும். அங்கே 100-500க்கே வெற்றி. அது 1.2 மீட்டரிலேயே ஃபோகஸ் ஆகும் என்பதால் தட்டான், பட்டாம்பூச்சியும் மாட்டும். மற்றதற்கு 800இல் 3.3 மீட்டர் வேண்டும்.

எடையைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். ட்ரைபாட் காலர் (முக்காலியில் பொருத்தும் வளையம்) இல்லாத 100-500இன் 1,370 கிராமுக்கு எதிராக 200-800 2,050 கிராம். முன்னதன் காலரைக் கழற்றி வைக்கலாம், பின்னதில் முடியாது. நடந்து தேடுபவர்களுக்கு 100-500, மறைவிடத்தில் மோனோபாட் (ஒற்றைக்கால் தாங்கி) ஊன்றி உட்காருபவர்களுக்கு 200-800.

பறக்கும் பறவையை 800இல் நேரடியாகத் தேடினால் வெறும் வானம்தான் தெரியும். 400இல் பிடித்து, ஃபோகஸ் பூட்டிய பிறகு ஜூம் செய்யுங்கள்.

100-500இல் டெலிகன்வர்டர் (கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவே மாட்டி எட்டும் தூரத்தைக் கூட்டும் துணை லென்ஸ்) போட்டால் 300 மி.மீ.க்குக் கீழே ஜூம் இறங்காது. லென்ஸ் நீண்டபடியே பையில் இருக்க வேண்டும். 200-800இல் முழு ஜூமும் கிடைக்கும், ஆனால் 1.4 மடங்கு கன்வர்டரிலேயே 800 முனையில் எஃப்/13!

மதிய வெயிலில் தொடர்ச்சியாக எடுத்த படங்களில் ஒன்று கூர்மை, அடுத்தது கலங்கல் என்று வந்தால் லென்ஸைத் திட்டாதீர்கள். அது கானல் (சூடான காற்றின் அலைவு), 800 மி.மீ. அதையும் பெரிதாக்கிக் காட்டும்.