இரண்டு அடையாளங்களுக்கும் இடம் தந்த பணி ஆலோசனை

தன்பால் ஈர்ப்பு உடையவன் என்பதை வீட்டில் இன்னும் சொல்லாத நான், குடும்பத் தொழிலா வெளி வேலையா என்ற குழப்பத்தோடு ஒரு பணி வழிகாட்டல் சேவையை நாடினேன். முதல் அமர்வில் கிடைத்தது, பணி ஆர்வங்களை ஆறாக வகுத்த உளவியலாளர் ஜான் ஹாலண்டின் முறையை ஒட்டிய வழக்கமான வினாத்தாள்தான். அடுத்த அமர்வில், ஒரு வெள்ளைத் தாளில் என்னைச் சுற்றியுள்ளவர்களை வட்டங்களாக வரையச் சொல்லி, யாருக்கு எது தெரியும், எந்த வேலை என்னை யார் கண்முன் நிறுத்தும் என்று ஆலோசகர் பொறுமையாகக் கேட்டபோதுதான், என் தயக்கத்தின் காரணம் எனக்கே விளங்கியது. வீட்டில் சொல்லிவிடுங்கள் என்றோ, உறவுகளை விட்டு விலகுங்கள் என்றோ அவர் ஒருமுறையும் வற்புறுத்தவில்லை. பெற்றோர் மீதுள்ள பற்றைப் பலவீனமாகக் கருதாத ஆலோசகரை நான் கண்டது இதுவே முதல் முறை. ஆனால், பால்புதுமையினர் (LGBTQ+) அமைப்பில் ஆற்றிய தன்னார்வப் பணியைத் தன்விவரக் குறிப்பில் சேர்க்கலாமா என்ற கேள்விக்கு மழுப்பலான பதிலே கிடைத்தது.