கையேடா, மலையா, ஆறு சனிக்கிழமையா? வாலிபர் முகாம் தலைவர்களுக்கு எந்தப் பயிற்சி

மே மாத வாலிபர் முகாமுக்கான வேலை எங்கள் பக்கம் ஜனவரியிலேயே தொடங்கிவிடும். இடம் பிடிப்பார்கள், சமையல் மாஸ்டரிடம் பேசுவார்கள், கீபோர்டு வாசிக்கிற தம்பியை வேறு சபைக்காரர்கள் கொத்திக்கொண்டு போவதற்குள் தேதி சொல்லி வைப்பார்கள். குழுக்களை நடத்தப்போகிற பெரியவர்களுக்குப் பயிற்சி என்ற பேச்சு வரும்போது மட்டும், "அதுக்கென்ன, ஒரு நாள் உட்கார்ந்து பேசிக்கலாம்" என்று முடிந்துவிடும். பல வருடமாக எனக்கு உறுத்துகிற விஷயம் இது. மதுரையிலும் சுற்றியுள்ள சேகரங்களிலும் (பல சபைகள் சேர்ந்த வட்டாரங்கள்) மூன்று விதமான பயிற்சிகளைப் பார்த்திருக்கிறேன், மூன்றிலும் கலந்துகொண்டிருக்கிறேன், இரண்டை நடத்தியும் இருக்கிறேன். அடுத்த முகாமுக்கு எதை எடுப்பது என்று யோசிக்கிறவர்களுக்காக எழுதுகிறேன்.

தலைவர்கள் என்று நான் சொல்வது ஆயர்களை அல்ல. பள்ளிக்கூட டீச்சர், மின்வாரியத்தில் வேலை பார்க்கிற அண்ணன், தையல் கடை வைத்திருப்பவர், நைட் டியூட்டி முடித்துவிட்டு நேராக வந்து நிற்கிற நர்ஸ் அக்கா, இப்படிப்பட்டவர்கள். இவர்களுக்கு வேதம் தெரியும், பிள்ளைகள் மேல் பிரியமும் நிறைய உண்டு. பழக்கமில்லாதது ஒன்றுதான், ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு காத்திருப்பது. அதை எந்தப் பயிற்சி கற்றுக்கொடுக்கிறது என்றுதான் மூன்றையும் பார்க்கப் போகிறேன்.

பேச்சு காற்றில் போகாமல் இருக்க ஒரு செயல்பாட்டைக் கையில் வைத்துக்கொள்வோம். மாற்கு 2-ஆம் அதிகாரம், நாலுபேர் சேர்ந்து நடக்க முடியாத ஒருவனைத் தூக்கி வந்து கூரையைப் பிரித்து இறக்குகிற இடம். ஒரு கெட்டியான ஜமுக்காளம், நாலு மூலைக்கு நாலுபேர், நடுவில் ஒரு ஆள். மைதானத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, அப்புறம் வராந்தாவின் மூன்று படி ஏறி இறக்க வேண்டும். பாதி தூரத்திலேயே விரல் வலிக்கும், ஜமுக்காளம் ஒரு பக்கம் சாயும், உயரமானவன் குனிய வேண்டும், குள்ளமானவன் கையை மேலே தூக்க வேண்டும். முடிந்ததும் வட்டமாக உட்கார்ந்து பகுதியை வாசிக்கிறோம், பேசுகிறோம். இயேசு "அவர்கள்" விசுவாசத்தைக் கண்டார் என்று 5-ஆம் வசனத்தில் இருக்கிறதே, அந்தப் பன்மையைப் பிள்ளைகளே கண்டுபிடிக்க வேண்டும். தலைவர் எடுத்துச் சொல்லிவிட்டால் ஜமுக்காளம் தூக்கியதெல்லாம் வெறும் உடற்பயிற்சி.

சரி, முதல் வழி, ஒருநாள் கருத்தரங்கும் கையேடும். காலை 10 மணிக்கு ஆரம்பம், ஒரு ஜெபம், ஒரு சிறப்புப் பேச்சாளர், மதியம் பிரியாணி, 4 மணிக்குக் கையேட்டைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். இதில் நல்லது இல்லாமல் இல்லை. செலவு குறைவு, மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் என்று எங்கிருந்தும் காலையில் பஸ் ஏறி வந்து சாயங்காலம் வீடு திரும்பலாம், எல்லாக் குழுவிலும் ஒரே பாடம் நடக்கும் என்ற நிம்மதி ஆயருக்கும் கிடைக்கும். ஆனால் கையேட்டைக் கையில் பிடித்த தலைவர் அதை வாசிப்பார். வேறு என்ன செய்வார், அதைத்தானே கொடுத்தோம்? என் முதல் முகாமில் நானும் அப்படித்தான். "யாருடைய விசுவாசத்தை இயேசு கண்டார்?" என்று கேட்டேன், பிள்ளைகள் தரையைப் பார்த்தார்கள், மூன்று நொடி தாங்கவில்லை எனக்கு, நானே பதிலைச் சொல்லி, அதிலிருந்து ஒரு பிரசங்கத்தையும் ஆரம்பித்துவிட்டேன். எதிரே உட்கார்ந்திருந்த ஒரு தங்கச்சி ஏதோ சொல்ல வாயெடுத்தது எனக்கு இன்றும் கண்ணில் நிற்கிறது. அவள் சொல்ல வந்தது என்ன என்று கடைசிவரை எனக்குத் தெரியாமலே போயிற்று.

கையேடுகளின் கேள்விகளையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். நெகேமியா பாடம் என்றால் "எருசலேமின் அலங்கம் (மதில்) எத்தனை நாளில் கட்டி முடிக்கப்பட்டது?" என்று கேட்கும். 52 நாள். ஒரு பையன் சொன்னால் விஷயம் முடிந்தது. அதே நெகேமியா 3-ஆம் அதிகாரத்தில் பலபேர் அவரவர் வீட்டுக்கு எதிரே இருந்த பகுதியைப் பழுதுபார்த்தார்கள் என்று திரும்பத் திரும்ப வருகிறது. "உன் வீட்டுக்கு எதிரே இடிந்து கிடப்பது எது?" என்று கேட்டுப் பாருங்கள், சாராயக் கடையிலிருந்து பேசாமல் இருக்கிற சித்தப்பா வரைக்கும் வரும். இரண்டாவது மாதிரிக் கேள்வியை ஒருநாள் கருத்தரங்கில் யாருக்கும் பழக்க முடியாது. அதன் அருமையைச் சொல்லத்தான் முடியும்.

இரண்டாவது வழி, மூன்று நாள் மலையில் தங்கிப் பயிற்சி. கொடைக்கானலோ சிறுமலையோ, பெரியவர்களே முகாம் பிள்ளைகளாக இருந்து எல்லாவற்றையும் செய்து பார்ப்பது. சாரண இயக்கத்தில் இது நூறு வருடத்துக்கு மேலான பழக்கம். 1919-இல் லண்டனுக்கு அருகே கில்வெல் பார்க்கில் சாரணத் தலைவர்களுக்கு நடந்த முதல் பயிற்சியிலேயே பெரியவர்களைச் சிறுவர்களைப் போல அணி அணியாகப் பிரித்துத்தான் வைத்தார்கள். பிள்ளைகள் படுகிறதைத் தலைவரும் ஒருமுறை பட்டுப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம். இது எவ்வளவு சரி என்று ஜமுக்காளத்தில்தான் கண்டேன். ஐம்பதைத் தாண்டிய, சபையில் எல்லோரும் மரியாதை கொடுக்கிற ஒரு அண்ணன், அவரைத்தான் படுக்கச் சொன்னோம். படி ஏறும்போது ஒரு மூலை நழுவியது, சட்டென்று பிடித்துக்கொண்டார்கள், ஒன்றும் ஆகவில்லை. ஆனால் இறக்கி வைத்தபின் அவர் கொஞ்ச நேரம் எழுந்திருக்கவே இல்லை. "தூக்குறவன் கை நடுங்குறது படுத்திருக்கிறவனுக்குத்தான்பா தெரியுது" என்றார். அதுவரை அந்தப் பகுதியைப் பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டிருப்பார், ஒருவேளை செய்தும் இருப்பார். அந்த வருட முகாமில் அவர் குழுவில் யாரையும் அவர் அவசரப்படுத்தவில்லை.

இவ்வளவு நல்லதாக இருந்தும் நான் இதை முதலாவதாக வைக்க மாட்டேன். யார் வர முடிகிறது என்று பாருங்கள். அரசு வேலையில் இருக்கிற ஆண்கள் வருவார்கள், ஓய்வு பெற்றவர்கள் வருவார்கள். தையல் கடைக்காரர் மூன்று நாள் ஷட்டரை இறக்கினால் வாடகை யார் கொடுப்பது? தனியார் பள்ளி டீச்சருக்கு லீவு போட்டால் சம்பளம் பிடிப்பார்கள். கைக்குழந்தை உள்ள அக்காக்களுக்கு வாய்ப்பே இல்லை. முகாமுக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் பெண் பிள்ளைகள், பயிற்சி பெற்ற பெண் தலைவர்களோ இரண்டே பேர் என்று ஒரு வருடம் நாங்கள் நின்றோம். அந்த இரண்டு அக்காக்களும் நாலு நாள் சரியாகத் தூங்கவில்லை. அதுபோக, பிப்ரவரியில் மலையில் கிடைத்த உற்சாகம் மே மாதம் அடிவாரத்து வெயிலில் நிற்கும்போது எவ்வளவு மிச்சம் இருக்கும் என்பதையும் யோசிக்க வேண்டும்.

மூன்றாவது வழி, சபை மண்டபத்திலேயே ஆறு சனிக்கிழமை சாயங்காலம், ஐந்தரையிலிருந்து எட்டு மணிவரை. முதல் மூன்று வாரம் தலைவர்களே பங்கேற்பாளர்கள், வாரம் ஒரு செயல்பாடு. அடுத்த மூன்று வாரம் நிஜப் பிள்ளைகள், ஓய்வுநாள் பள்ளியின் மூத்த வகுப்பிலிருந்து ஏழெட்டுப் பேரைக் கூப்பிட்டு, ஒவ்வொரு தலைவரும் 20 நிமிடம் நடத்துவார். இன்னொருவர் பின்னால் ஒரு நோட்டோடு உட்கார்ந்து இரண்டே இரண்டைத்தான் குறிப்பார். ஒவ்வொரு கேள்விக்கும் பிறகு எத்தனை நொடி காத்திருந்தார், யார் யார் பேசினார்கள். நன்றாக நடத்தினார், நடத்தவில்லை என்ற கருத்தெல்லாம் வேண்டாம். அந்த நோட்டைப் பார்த்தாலே போதும், "2, 3, 2, 1" என்று நம் கையிலேயே வந்து நிற்கும். அடுத்த வாரம் "6, 9, 4" என்று மாறும். மனம் மாறினதோ இல்லையோ, நொடி மாறும். நொடி மாறினால் அதுவரை பேசாத பிள்ளை பேசும், அதை நானே பலமுறை பார்த்திருக்கிறேன்.

நிஜப் பிள்ளைகள் இருப்பதால் வேறு எங்கேயும் தெரியாத சிலதும் தெரியவரும். மாற்கு 2-ஐ நம் பழைய மொழிபெயர்ப்பில் வாசித்தால் "திமிர்வாதக்காரன்" என்று வரும். 1871-இல் வந்த அந்தத் தமிழ் நமக்கு உயிர், நான் இன்றும் அதில்தான் ஜெபிக்கிறேன். ஆனால் அன்றைக்கு ஒரு பையன் அவனைத் திமிர் பிடித்த ஆள் என்றே நினைத்து, "அப்புறம் ஏன் தூக்கிட்டு வந்தாங்க?" என்று கேட்டான். உண்மையான கேள்வி. தலைவர்கள் மட்டும் உட்கார்ந்திருந்தால் அந்தச் சொல்லை யாரும் கவனித்திருக்கவே மாட்டோம். அன்றிலிருந்து "முடக்குவாதமுற்ற" என்று சொல்கிற புதிய மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தையும் பக்கத்தில் வைத்து இரண்டையும் வாசிக்கிறோம். இங்கிலீஷ் மீடியப் பிள்ளைகளுக்குத் தமிழில் சத்தமாக வாசிப்பதே கூச்சம், அவர்களை வரிசையாக வாசிக்கச் சொல்லி வதைக்கக் கூடாது என்பதும் இங்கேதான் புரிந்தது.

இதன் குறைகளும் சின்னதல்ல. ஆறு சனிக்கிழமை என்று எழுதுவது சுலபம், ஒரு கல்யாணம், ஒரு துக்க வீடு, ஈஸ்டருக்கு முந்தின லெந்து காலக் கூட்டங்கள், மார்ச் மாதக் கணக்கு முடிப்பு என்று ஏதாவது ஒன்று வரும். சித்திரைத் திருவிழா சமயம் என்றால் அழகர் இறங்குகிற நாட்களில் ஆற்றுப் பாலம் தாண்டி வருவதே பெரும்பாடு, அந்த வாரத்தை முதலிலேயே அடித்துவிடுங்கள். உசிலம்பட்டிப் பக்கத்துச் சின்னச் சபைகளிலிருந்து வருகிறவர்கள் எட்டு மணிக்கு மேல் எந்தப் பஸ்ஸில் ஊர் போய்ச் சேருவார்கள்? அவர்களை மதுரைக்கு இழுக்காமல், நடத்துகிற இரண்டுபேர் அங்கே போவதுதான் நியாயம். இன்னொரு பெரிய குறை, இரவு இதில் இல்லை. முகாமில் பிள்ளைகள் மனம் திறப்பது பதினோரு மணிக்கு, விளக்கை அணைத்த பிறகு. அதற்கு மண்டபத்துப் பயிற்சி தயார்படுத்தாது.

ஆகவே என் முடிவு, ஆறு சனிக்கிழமையை எடுங்கள், கடைசி வாரத்தை மட்டும் சனி இரவு தங்குகிற மாதிரி வையுங்கள். ஒரே இரவு என்றால் அக்காக்களாலும் வர முடிகிறது, குழந்தையைத் தூக்கிக்கொண்டே வந்தவர்கள் உண்டு. கையேட்டைத் தூக்கிப் போட வேண்டாம், அதைச் சட்டைப்பையில் அடங்குகிற ஒரு அட்டையாகச் சுருக்கிவிடலாம், பகுதி, தேவையான பொருட்கள், மூன்று கேள்வி, அவ்வளவுதான். உங்களுக்கு நிஜமாகவே ஒரு நாள்தான் கிடைக்கும் என்றால் பேச்சாளரைக் கூப்பிடாதீர்கள். இரண்டு செயல்பாட்டை முழுதாகச் செய்துவிட்டு, நோட்டு வைத்து இரண்டுபேரையாவது நடத்த வையுங்கள்.

எந்த வழியை எடுத்தாலும் இரண்டு விஷயம் விட்டுப்போகக் கூடாது. ஒன்று, வட்டத்தில் பிள்ளைகள் மனதைத் திறக்கும்போது வீட்டில் நடக்கிற கொடுமைகளும் வெளியே வரும். "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று எந்தத் தலைவரும் வாக்குக் கொடுக்கக் கூடாது. 2012-ஆம் ஆண்டுப் போக்சோ சட்டப்படி 18 வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பாலியல் கொடுமை நடந்தது தெரிந்தும் தகவல் கொடுக்காமல் இருப்பதே குற்றம். 1098 என்ற குழந்தைகள் உதவி எண் அந்த அட்டையின் பின்பக்கத்தில் இருக்கட்டும். தலைவரும் பிள்ளையும் தனியாக ஒரு அறையில் இருக்கக் கூடாது என்பதையும் முதல் வாரமே சொல்லிவிட வேண்டும், கூச்சப்படாமல்.

இன்னொன்று, அறிமுக விளையாட்டில் "எந்த ஊர், எந்தத் தெரு, அப்பா யாரு" என்று கேட்பது. நம் பக்கத்தில் அந்த மூன்று கேள்வியும் சேர்ந்தால் சாதி கேட்டதாகத்தான் அர்த்தம், கேட்டவர் அப்படி நினைக்காவிட்டாலும். பதில் சொல்லும்போது ஒரு பிள்ளையின் குரல் இறங்கினதைப் பார்த்த பிறகு அந்த விளையாட்டையே நாங்கள் நிறுத்திவிட்டோம். யூதர்கள் ஒதுக்கி வைத்த சமாரியப் பெண்ணிடம் இயேசு தண்ணீர் கேட்ட கதையை மறுநாள் காலை நடத்த இருக்கிறவர்கள் முந்தின சாயங்காலம் இதைச் செய்யக் கூடாது.

அந்த ஒரு இரவுப் பயிற்சியில் நாங்கள் வைப்பது எம்மாவு நடை. லூக்கா 24, உயிர்த்தெழுந்த இயேசு தம்மை அடையாளம் தெரியாத இரண்டு சீஷரோடு வழி நடந்த கதை. எருசலேமிலிருந்து எம்மாவு ஏழெட்டு மைல், நாங்கள் நாகமலை அடிவாரத்தில் ஒரு கிலோமீட்டர்தான் நடப்போம், வெயில் தாழ்ந்த பிறகு, இரண்டு பிள்ளைக்கு ஒரு தலைவர். எல்லாம் தெரிந்த இயேசு கூடவே நடந்துகொண்டு "எவைகள்?" என்று கேட்டாரே, அந்த ஒரு சொல்தான் தலைவருக்குக் கொடுக்கப்படும். வேறு எதுவும் பேசக் கூடாது. போன தடவை அந்தத் தையல் கடை அண்ணனோடு நடந்தவர்களில் ஒருவன் பிளஸ் டூ எழுதிவிட்டு ரிசல்ட்டுக்காகக் காத்திருந்த பையன். போகும்போது மூன்றுபேரும் சத்தமில்லாமல் நடந்தார்கள். திரும்பும்போது நான் மண்டப வாசலில் நின்று பார்த்தேன், இருட்டில் முகம் தெரியவில்லை. பையன் பேசிக்கொண்டே வந்தான், அண்ணன் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அவனுடைய வேகத்துக்கு நடந்துகொண்டிருந்தார்.