ராஜாஜியா, காமராஜரா?

இருவரும் காங்கிரஸ்காரர்கள், அடுத்தடுத்து சென்னை மாகாண முதல்வர்கள். ஆனால் நாற்காலிக்கு வந்த வழியே வேறு. 1952-ல் ராஜாஜி தேர்தலில் நிற்கவில்லை. ஆளுநரின் நியமனத்தில் மேலவை உறுப்பினராகி முதல்வரானார். 1954 ஏப்ரலில் பதவியேற்றபோது காமராஜரும் சட்டமன்ற உறுப்பினர் இல்லைதான். அவர் குடியாத்தம் இடைத்தேர்தலில் நின்று, மக்களிடம் ஓட்டுக் கேட்டு ஜெயித்தார். எனக்கு இது பெரிய வித்தியாசமாகவே படுகிறது.

ராஜாஜிக்கு நிர்வாகத் துணிச்சல் அதிகம். வந்த கையோடு உணவு தானியக் கட்டுப்பாட்டை நீக்கினார், அது பலித்தது.

பள்ளிக்கூடத்தில்தான் சறுக்கினார். 1953-ல் கிராமத்துப் பிள்ளைகளுக்கு மூன்று மணி நேரம் படிப்பு, மிச்ச நேரம் அப்பாவின் தொழில் என்றார். குயவர் மகன் சக்கரத்தடிக்கே திரும்ப வேண்டுமா என்று மக்கள் கொதித்தார்கள். காமராஜர் வந்ததும் அதைக் கைவிட்டார். அப்புறம் 1956-ல் மதிய உணவுத் திட்டம். பசித்த பிள்ளை பள்ளிக்கு வராது என்பது, ஆறாம் வகுப்போடு படிப்பை விட்ட அவருக்குத் தெரிந்திருந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தலைமைப் போட்டியில் தன்னை எதிர்த்து நின்ற சி. சுப்பிரமணியத்தை அவர் அமைச்சராக்கினார். அமைச்சரவையில் மொத்தமே எட்டுப் பேர்தான்.